மைனஸ் எண்பது

ஃப்ரீசரைத் திறந்ததும் ஜெபசீலன் கவனித்தது, ஒரு ட்யூபின் மேல் மட்டும் பனி படியவில்லை என்பதைத்தான். மைனஸ் எண்பது டிகிரியில் எல்லாவற்றின் மேலும் பனி படியும். மூடியில், எண் எழுதிய சீட்டில், நீட்டிய கையுறையின் நுனியில்கூட. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத் தெருக்களில் எடுத்த நானூறு பிள்ளைகளின் இரத்தமும் வெண்பனிக்குள் இறுகிக் கிடக்க, ஒன்றாம் எண் மட்டும் சிவப்பாக, ஈரமாக, மெல்லத் தளும்பியது.

ஒன்றாம் எண் ஜெரூஷா. பிள்ளைகளின் உடம்பில் எந்த ரசாயனம் எவ்வளவு தங்குகிறது என்று அளக்க அரசு முகாம் போட்டபோது, தயங்கி நின்ற தாய்மார்களுக்கு முன்னால் தன் எட்டு வயது மகளை உட்காரவைத்து, "பாருங்கக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று அவளிடம்தான் முதலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தான். மறு வருஷம் இரத்தப் புற்றில் அவள் போய்விட்டாள். அவளுக்குள் என்ன இருந்தது என்பது இந்த ட்யூபுக்கு மட்டுமே தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் இந்த லேபிலேயே கிடந்தான்.

திட்ட அதிகாரி வேதா மேடம் மதியமே போனில் சொல்லிவிட்டார்.

"பிளக்கைப் புடுங்கிடுங்க ஜெபசீலன். உருகினதும் நாளைக்கு எரிக்க அனுப்பிடலாம். டெஸ்டுக்கு யாரும் பணம் தர மாட்றாங்க. டிபார்ட்மென்ட் கெமிக்கல் கம்பெனிங்களைக் கேளுன்னுது, அவங்க டிபார்ட்மென்ட்டைக் கை காட்றாங்க."

"ஒரே ஒரு ட்யூப் மட்டும், மேடம்."

"ஒண்ணு பாத்தாலும் நானூறு பாத்தாலும் மெஷினை செட் பண்ண அதே செலவுதானே? யாரு குடுப்பா, நீங்களா?"

சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்ரஸரின் உறுமல் இழுத்து இழுத்து அடங்க, பினாயில் வாசனையும் தாம்பரம் போகும் மின்ரயிலின் சத்தமும் அறைக்குள் வந்தன. கரண்ட் இல்லாவிட்டாலும் கதவிலுள்ள வெப்பநிலை எண்கள் பேட்டரியில் ஓடும். ஃப்ரீசரின் சுவர்களுக்குள் கனமான நுரை அடைத்திருப்பதால் குளிர் விலக ஒரு நாளாவது பிடிக்கும்.

மைனஸ் அறுபது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மைனஸ் இருபது. பூஜ்யம்.

உள்ளே ஏதோ மூச்சு விட்டது. பிறகு இன்னொன்று. சின்னச் சின்ன மூச்சுகள்.

முப்பத்தேழில் எண் நின்றது. உடம்புச் சூடு.

கதவில் உள்ளங்கையை வைத்தான். இரும்பு வியர்த்திருந்தது. அமுங்கியது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

பிளக்கைத் திரும்பச் சொருகினான். மோட்டார் ஓடவில்லை.

உள்ளே அனத்தல் கேட்டது. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும்.

கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, மடித்து, கதவின் மேல் ஒற்றினான். ஆவி பறந்தது. மறுபடி நனைத்தான்.

"இதோம்மா."

நாற்பத்தொன்று.

இப்போது நானூறு பேரும் அனத்தத் தொடங்கினார்கள். அவனிடம் ஒரே கைக்குட்டைதான் இருந்தது.