பதினேழாவது கம்பி

பூஜ்யத்துக்குக் கீழே தொண்ணூறு டிகிரியில் இரண்டு நாளாக உறைந்து கிடந்த உருளைக்குள், சூட்டை அளக்கிற முதல் கம்பி முப்பத்து நாலு டிகிரி என்று காட்டியது. பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ரெக்கார்டர் பத்து நொடிக்கொரு தரம் 'ட்ரிக்'கென்று ஒரு வரி அச்சடிக்கும், வரிக்கு இருபத்தைந்து எண்கள். இரண்டு வரி தள்ளி முதல் கம்பி பழையபடி மைனஸ் தொண்ணூறுக்கு வந்திருந்தது. இந்தக் கடலோரக் காற்றில் எந்தச் செம்புதான் பச்சை பிடிக்காமல் இருக்கிறது, எங்கேயோ இணைப்பு லூசாகியிருக்கும் என்று அலுத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்.

அன்றைக்குப் பொங்காலை, ஊர்ப் பெண்களெல்லாம் தெருவிலேயே அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுகிற நாள். கிள்ளிப்பாலத்துக்குப் பின்னால், பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னச் சோதனைச்சாலையின் வாசல் வரைக்கும் செங்கல் அடுப்புகள் வந்துவிட்டன. ராத்திரி ஷிஃப்ட் பார்த்த ஐயப்பன் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். சாயங்காலம் தெரு ஒழிகிற வரைக்கும் மாற்றாள் வர வழியில்லை. செயற்கைக்கோளில் ஏறப் போகிற மின்பெட்டிகளை, காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு உருளைக்குள் வைத்துப் பூட்டி, மேலே படப்போகிற குளிரைக் கீழேயே படவைத்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை. எழுபத்திரண்டு மணி நேரச் சோதனையைச் சாமிக்காகவும் நிறுத்த முடியாது. புகைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார். ஆனாலும் ஓலை எரிகிற வாசனையும் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்து, பம்பின் எண்ணெய் நெடியோடு கலந்து அறைக்குள் தேங்கி நின்றன.

ட்ரிக். இரண்டாவது கம்பி, முப்பத்து நாலு.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். இரண்டாவது இறங்கியது. மூன்றாவது ஏறியது. மூன்றாவது இறங்கி நாலாவது ஏறியது. இணைப்பு லூசானால் இப்படி வரிசைப்படியா லூசாகும்? முப்பத்து நாலு என்பது எந்தப் பழுதின் எண்ணும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அது மனுஷ விரலின் சூடு.

அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் மின்பெட்டியில் இருபத்து நாலு தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டுவார்கள். கம்பியின் நுனி கடுகளவுதான் இருக்கும், அதுதான் சூட்டை உணர்கிற இடம். எந்தக் கம்பி எந்த எண்ணில் பேசுகிறது என்று சரிபார்க்க ஒரு ஆள் உருளைக்குள் போய், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, நுனிகளை வரிசையாக இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பான். வெளியே காகிதத்தில் அந்த எண் ஏறும். ஏறியதைப் பார்த்தவர் ஸ்பானரால் உருளையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பார்த்தாயிற்று, அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம். தட்டுகிற வரைக்கும் உள்ளே இருப்பவன் விரலை எடுக்க மாட்டான். ஒரே நுனியை மூன்று தரம் விட்டு விட்டுப் பிடித்தால், வா என்று கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்த பேசும் கருவி கெட்டுப்போய் நாலு வருஷமாயிற்று. இந்தக் கிள்ளும் தட்டுமே போதும் என்று யாரும் அதைப் பழுதுபார்க்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக உள்ளே போய்க் கிள்ளியவன் சொரிமுத்து. வெளியே இருந்து தட்டியவர் பஞ்சாபகேசன். அவர் கொஞ்சம் நிதானமாகத் தட்டுவார். அதற்காக அவன் வெளியே வந்ததும் கேலி செய்வான். "சாமி ஒரு தட்டு தட்டுகதுக்குள்ள எனக்கு வெரலு மரத்துப் போவுது" என்று கையை உதறிக் காட்டுவான். அவன் விரல்களில் எப்போதும் கம்பியைப் பற்றவைக்கிற சால்டர் பசையின் வாசனை இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. மத்தியானம் அவன் கொண்டுவரும் கருவாட்டு வாசனைக்கு இவர் எழுந்து போய்விடுவதும், தயிர்சாதத்தைப் பார்த்து அவன் "ஆசுபத்திரிச் சாப்பாடு" என்று சிரிப்பதும் வழக்கம். அவன் செத்துப் பதினேழு மாசம் ஆகிறது.

ஏழாவது கம்பி ஏறியது. இறங்கியது. எட்டு.

யாரும் தட்டாமலேதான் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் செத்த அன்றைக்குத் தட்டிய தட்டுகளே போதும் என்பதுபோல.

காலையில் வாசலில் செண்பகவல்லி இருந்தாள். சொரிமுத்துவின் பெண்டாட்டி. லேபின் இரும்பு கேட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று செங்கல் வைத்து, புதுப்பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தார். அவள் விடவில்லை.

"சாரே, ஒண்ணு மட்டும் கேக்கேன். அவுக கஷ்டப்பட்டாகளா?"

பதினேழு மாசத்தில் இது ஐந்தாவது தரம். இவரும் அதே பதிலைத்தான் சொன்னார். "ஒண்ணும் இல்லேம்மா. ஒரே நொடி. அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் பானையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். பிறகு, சொப்பனத்தில் வருகிறார், வாய் திறந்து ஒன்றும் பேசுவதில்லை, விரலை மட்டும் காட்டுகிறார் என்றாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். சேர்த்தாள், பிரித்தாள், சேர்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நைவேத்தியம் கழிஞ்சதும் ஒரு இலையில் பாயசம் கொண்டுவருகிறேன், சாப்பிடாமல் போகக்கூடாது என்று மட்டும் சொன்னாள். பஞ்சாபகேசன் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

பன்னிரண்டு. பதிமூன்று. ட்ரிக். பதினாலு.

சோதனை முடிந்து உருளையைத் திறக்கும்போது ஈரம் படியாமலிருக்க உள்ளே நைட்ரஜன் வாயுவை நிரப்புவார்கள். ஆள் நுழைவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் விசிறி ஓட்டி அதை வெளியேற்றியாக வேண்டும். நைட்ரஜனுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, உள்ளே போகிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சொரிமுத்து செத்த அன்றைக்குப் பஞ்சாபகேசனுக்கு அவசரம். அடுத்த சோதனையின் தேதி நெருங்கியிருந்தது. இருபது நிமிஷத்தில் விசிறியை நிறுத்தி, போடா என்று அனுப்பிவிட்டார். பதறாத காரியம் சிதறாது என்று அவர் அம்மா சொல்லாத நாள் இல்லை, அந்த ஒரு நாள் மறந்துபோயிற்று. பதினாறு வரைக்கும் தட்டினார். அப்போது முன்னறையில் போன் அடித்தது. தேதியைப் பற்றித்தான். இதோ வருகிறேன் என்று எழுந்து போனவர் கால் மணி நேரம் பேசினார்.

திரும்பி வந்து பார்க்கையில் சொரிமுத்து ஒருக்களித்துப் படுத்தமாதிரிக் கிடந்தான். விரல்களுக்கு நடுவே பதினேழாவது கம்பி இருந்தது. டாக்டர், ஒரு நொடியில் போயிருப்பான் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆனால் ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததே. எல்லோரும் போன பிறகு அவர் அந்தச் சுருளைப் பிரித்துப் பார்த்தார். பதினேழு ஏறி, முப்பத்து நாலில் நின்றது. தட்டுக்காகக் காத்திருந்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு இறங்கி ஏறியது, இறங்கி ஏறியது, இறங்கி ஏறியது. வா. காலும் தொண்டையும் போன பிறகும் விரல் போகவில்லை அவனுக்கு. பதினோரு நிமிஷத்தில் ஏழு தரம் கூப்பிட்டிருந்தான். கடைசித் தரம் இரண்டோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் முப்பத்து மூன்று, முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று மெல்ல இறங்கி, அறையின் சூட்டோடு சேர்ந்துவிட்டது. விசாரணையில் ரெக்கார்டர் அன்றைக்கு ஓடவில்லை என்று சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சுருள் அவருடைய இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழைய பனியனில் சுற்றிக் கிடக்கிறது.

ட்ரிக். பதினாறு இறங்கியது.

பதினேழு. முப்பத்து நாலு.

அடுத்த வரி. முப்பத்து நாலு. அடுத்த வரி. முப்பத்து நாலு. நகரவில்லை. பஞ்சாபகேசன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு எண்ணினார். ஆறு வரி. பன்னிரண்டு வரி. வெளியே திடீரென்று ஆயிரம் பெண்கள் ஒன்றாகக் குலவையிட்டார்கள், எங்கேயோ வெடி வெடித்தது. இங்கே பம்பின் உறுமல் மட்டும். பதினேழு இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவர் எழுந்தார். மேசை மேலிருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் உருளையின் மேல் நெற்றியை வைத்தார். எஃகு வெதுவெதுப்பாக இருந்தது. காற்றே இல்லாத இடத்துக்குள் சத்தம் போகாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் தட்டினார். கண்ணீர் மூக்கில் இறங்கி வாய்க்குள் உப்புக் கரித்தது. பதினேழு மாசம் கழித்து ஒரு தட்டு.

ட்ரிக். பதினேழு இறங்கியது. பதினெட்டு ஏறியது.

அப்புறம் அவர் நிதானமாகத் தட்டவில்லை. எண் ஏறிய கையோடு தட்டினார். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. பழைய நாட்களைப் போலவே வேலை சீராக நடந்தது, அவனும் தானுமாக. இருபத்து நாலுக்குத் தட்டிவிட்டு ஸ்பானரை உருளைக்கடியில் வைத்தார்.

"முடிஞ்சுதுப்பா சொரிமுத்து," என்றார். "நீ போ. அவகிட்ட நான் சொல்லிடறேன்."

அடுத்த வரியில் எல்லாம் மைனஸ் தொண்ணூறு. அதற்கடுத்த வரியிலும். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினமாதிரி இருந்தது. அலமாரியைத் திறந்து பனியனை உதறிச் சுருளை எடுத்தார். இன்றைக்கே, இந்த வாசலிலேயே அவளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், வேலை போனால் போகட்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது சால்டர் பசையின் வாசனை வந்தது.

ட்ரிக்.

அவர் திரும்பினார்.

இருபத்தைந்தாவது எண் உருளைக்குள் போவதில்லை. அது அறையின் சூட்டைப் பார்க்கிற கம்பி. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து, மிச்சம் நாலு முழம் தரை வரைக்கும் தொய்ந்து தொங்கும். எப்போதும் இருபத்தெட்டு காட்டும்.

முப்பத்து நாலு.

கம்பி தொய்ந்து தொங்கவில்லை. சுவரிலிருந்து நாற்காலிக்கு மேலாக, அறையின் நடுவரைக்கும் விறைப்பாக நீண்டிருந்தது. ஆள் நெஞ்சு உயரத்தில். நுனியை யாரோ பிடித்திருப்பதுபோல. அங்கே யாரும் இல்லை.

முப்பத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்து நாலு.

வா.

ஓடிவிடலாம். தாழ்ப்பாள் கையில் இருக்கிறது. ஓடினால் அன்றைக்குப் போனை எடுக்கப் போனதும் இதுவும் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அன்றைக்குக் கூப்பிட்டான், நான் வரவில்லை. சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நடந்தார். கம்பியின் நுனி முகத்துக்கு நேரே நடுங்காமல் நின்றது. வலது கையை நீட்டினார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தக் கடுகை மெல்லப் பிடித்தார்.

அவருடைய விரல்களின் மேல் இரண்டு விரல்கள் வந்து இறுகின.

குளிர்ந்த விரல்கள். காய்ப்பு ஏறியவை. உதறினார். விடவில்லை. இழுத்தார். கோபமாகப் பிடித்ததாகவும் தெரியவில்லை. வேலையாகப் பிடித்த பிடி. தட்டினால்தான் விடுவான். ஸ்பானர் அறையின் அந்தக் கோடியில், உருளைக்கடியில், அவர் வைத்த இடத்தில் கிடந்தது. காலால் துழாவினார். எட்டவில்லை. கால் மரத்துக்கொண்டு வந்தது. சுருள் நழுவித் தரையில் விழுந்து, பதினேழு மாசத்துக்கு முந்தைய எண்களைக் காட்டிக்கொண்டு கதவை நோக்கி உருண்டு பிரிந்தது.

வெளியே கேட்டருகில் கொலுசுச் சத்தம் வந்தது. செண்பகவல்லி கேட்டைத் தட்டுகிறவள் இல்லை. கூப்பிட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

"சாரே."

அவர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

"சாரே, பாயசம் கொண்டாந்திருக்கேன்."

ட்ரிக். முப்பத்து மூன்று.

"சாரே."

கொஞ்ச நேரம் அவள் நின்றாள். பிறகு இலைப் பொட்டலத்தைப் படியில் வைக்கிற சத்தம் கேட்டது, கொலுசு தூரமாகப் போயிற்று. பஞ்சாபகேசன் அந்தப் பிடிக்குள்ளேயே விரல்களை இம்மியளவு பிரித்தார், சேர்த்தார், பிரித்தார், சேர்த்தார். காகிதம் அதை வரிவரியாக எழுதிக்கொண்டது.

முப்பத்தொன்று.

இருபத்தெட்டு.