மூன்றாவது டிக்கெட்

"ஐயோ... அதை அமுக்காதீங்க!"

ஆரோக்கியசெல்வியின் கட்டைவிரல் போன் திரைக்கு மேலே அப்படியே நின்றது. விழுப்புரம் ஜங்ஷனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகாத பெஞ்சு ஒன்றுதான் மிச்சம். அதன் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன்தான் கத்தியது.

"அடுத்தவங்க போனை எட்டிப் பாத்துக்கினு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்குங்க. ஆனா இருபத்தஞ்சாயிரம் பாயின்ட்டைக் குடுத்துட்டு ஒரு மிக்சியா? கடையில அது மூவாயிரம்தாங்க. வயிறு எரியுது."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. இமையில் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் கண்கள் நிஜமாகவே பதறின. கிரெடிட் கார்டு பாயின்ட்டுக்காக ஒருத்தன் இப்படித் துடிப்பானா... சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

உண்மையில் அவளுக்கு மிக்சி தேவையே இல்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக ஒப்பந்த நர்ஸ். டெல்லியில் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் நிரந்தர வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அக்டோபர் இருபத்தேழாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. நேரில் போய் நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. கிடைத்த லீவோ இரண்டே நாள். ரயிலில் போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும். விமானத்துக்குப் போக வரப் பதினெட்டாயிரம், அவளுடைய ஒரு மாதச் சம்பளம். எதற்கும் இருக்கட்டும் என்று முன்பதிவு கவுண்டரில் விசாரித்துவிட்டு, இனி நடக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, திண்டிவனம் திரும்ப ரயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசியில் பாயின்ட் காலாவதியாகிவிடும். மிக்சியாவது மிஞ்சட்டுமே என்றுதான்...

இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. மழையின் மேல் பழியைப் போடலாம்.

"இவ்ளோ பாயின்ட்டு எப்படிங்க சேந்துது?"

"வீடு கட்டனோம். கம்பி, சிமெண்டு, டைல்ஸ் எல்லாம் இந்தக் கார்டுலதான். அப்பா மேஸ்திரி. வாரா வாரம் அவரு காசு குடுப்பாரு, நான் கட்டிடுவேன்."

"வட்டி?"

"ஒரு ரூபா கட்டினதில்ல. கெடு தேதிக்கு மூணு நாள் முன்னாடியே முழுசா கட்டிடுவேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை... அவள் கண்ணுக்காகவும் கூந்தலுக்காகவும் பார்த்தவர்கள் உண்டு. வட்டி கட்டாததற்காக இப்படி யாரும் பார்த்ததில்லை. காது மடல் சூடாவதை உணர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் பெயர் தென்னரசு. விழுப்புரத்தில் பம்ப்செட் மோட்டார் கடை. சரக்கு எல்லாம் கார்டில்தான் எடுப்பான்.

"மிக்சி, கடிகாரம்னு எடுத்தா ஒரு பாயின்ட்டுக்குப் பன்னெண்டு பைசாதாங்க கெடைக்கும். அதையே விமானக் கம்பெனி கணக்குக்கு மாத்தினா ஒரு ரூபா பெறும். வரி மட்டும் கையிலேர்ந்து கட்டணும். முதல்ல டிக்கெட்டு இருக்கான்னு பாக்கணும், அப்புறம்தான் மாத்தணும். மாத்திட்டா திரும்ப எடுக்க முடியாது."

டிக்கெட் இருந்தது. அவனே அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். படிவம் 'லாஸ்ட் நேம்' கேட்டது.

"எனக்கு ஏதுங்க அது? டி. ஆரோக்கியசெல்வி, அவ்ளோதான்."

"அப்பா பேரு?"

"தேவசகாயம்."

அதை அவன் முழுசாகப் போட்டு, பாயின்ட்டை மாற்றவும் கொடுத்தான். ரயில் வந்தது. அவள் நன்றி சொன்னாளோ இல்லையோ, அவன் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வங்கி கையை விரித்துவிட்டது. கார்டில் வெறும் இனிஷியல், விமானக் கணக்கில் அப்பாவின் முழுப்பெயர்... இரண்டும் ஒத்துப்போகவில்லையாம். பாயின்ட் திரும்பிவர ஒரு வாரம் ஆகும். சரிபார்ப்புக்கு இருப்பதோ ஐந்து நாள்.

"உங்களை நம்புனேன் பாருங்க..." என்று போனில் சொல்லி வைத்துவிட்டாள். அன்று மாலையே அவள் போனுக்கு ஒரு டிக்கெட் வந்தது. சென்னை–டெல்லி, போக வர. பெயர்: ஆரோக்கியசெல்வி டி.

மறுநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு அவனை வரச் சொன்னாள்.

"யாரைக் கேட்டு போட்டீங்க?"

"என் பாயின்ட்டு எண்பதாயிரம் சும்மா தூங்கிக்கினு இருக்குங்க."

"நான் யார்கிட்டயும் ஓசில ஒரு டீ குடிச்சதில்ல. கேன்சல் பண்ணுங்க."

"தப்புப் பண்ணது நானு. அதுக்கு நீங்க வேலையை உடுவீங்களா? பெரிய பேஜாரா போச்சுங்க உங்களோட."

அவள் முறைத்தாள். அவன் முறைக்கவில்லை. பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. இருவருமே ஒதுங்கவில்லை.

"எண்பதாயிரம் வச்சிருக்கீங்களே, எங்கெல்லாம் போனீங்க?"

"எங்கயும் இல்லைங்க. ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றேன். நான் ஏர்போர்ட்டு வாசலைக்கூட மிதிச்சதில்ல." அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தனியா போய் என்ன பண்றது?"

அவளுடைய வீம்பு அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது.

"கடனா எடுத்துக்கறேன். போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டு டிக்கெட். பாயின்ட்டு வந்ததும் திருப்பிடுவேன்."

"சரிங்க. எங்க போறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன்..."

போனாள். மேகத்தை மேலிருந்து பார்த்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, அதையும் பார்த்தாள். சான்றிதழ்களைச் சரிபார்த்தவர்கள், டிசம்பர் ஒன்றாம் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள். அழுகை வந்தது. யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்த பெயரைக் கண்டு திகைத்துப்போய், அப்பாவுக்கே போன் போட்டாள்.

முப்பதாம் தேதி. அதே விழுப்புரம், அதே பெஞ்சு, அதே அடைமழை. பாயின்ட் திரும்பி வந்திருந்தது. இந்த முறை கார்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தி, அவளே மாற்றியும் முடித்துவிட்டாள்.

"மூணு டிக்கெட்டுக்கு வருது. உங்களுக்குக் கடன் ரெண்டு. சொல்லுங்க, எங்க போறீங்க?"

அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "டெல்லிக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

"டிசம்பர்லேர்ந்து ஒருத்தங்க இருப்பாங்க..."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்கு உங்களுக்கு டிக்கெட் போட்டப்ப ரெண்டு மனசா இருந்துச்சுங்க. அனுப்பினா தூரமா போயிடுவீங்க. அனுப்பலைன்னா ஆயுசுக்கும் நீங்க அதை நெனைச்சு நெனைச்சு உருகுவீங்க. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல." குரல் இறங்கியது. "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க... இந்த பெஞ்சுலேர்ந்தே."

அவள் போனை நிமிர்த்தினாள். ஏதோ தட்டினாள். ஏப்ரல் மாதம், சென்னையிலிருந்து டெல்லி, ஒரு ஆள், தென்னரசு. பிறகு டெல்லியிலிருந்து சென்னை. அங்கே அவள் விரல் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டியது.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதறினான். பழக்கம் விடுமா?

"வர்றதுக்கு ரெண்டு போட்டுட்டீங்க! மூணாவது டிக்கெட்டு யாருக்குங்க?"

"எனக்கு. ஈஸ்டருக்கு லீவு போடுவேன். அப்பா அன்னைக்கு வீட்லதான் இருப்பாரு." அவள் தலை குனிந்தே இருந்தது. சிரிப்பு மட்டும் ஒளியவில்லை. "நீங்க வந்து அவர்கிட்ட பேச வேணாமா?"

அவள் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

"அமுக்கவா... வேணாமா?"

"ஐயோ, ஜல்தியா அமுக்குங்க!"