பாய்மரத்துக்குள் ஒரு வெட்டு

செல்போன் அலறியது.

எடுக்கிற நிலைமையில் அவன் இல்லை.

பாய்மரத்தின் உச்சியில், இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையில் பழைய ஆன்டெனா கேபிள்.

அவனுடைய பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. படகுத்துறையில் அவன் 'ஒயர்'. படகில் ரேடியோ கம்மினாலும் விளக்கு கண்ணடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்பேனரை பெல்ட்டில் செருகிக்கொண்டு போனை எடுத்தான்.

அழைத்தவள் அவன் காலுக்கு நேர் கீழே, படகின் கேபினுக்குள் இருந்தாள். படகின் சொந்தக்காரி. மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் கணவன் இதே படகிலிருந்து கடலில் விழுந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"என்னக்கா?"

"இழுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"பாதிக்கு மேல இழுத்துட்டேனே!"

"இங்க நூல் அசையவே இல்ல..."

ஒயர் கையிலிருந்த கேபிளைப் பார்த்தான்.

ஆன்டெனா மரத்தின் உச்சியில். ரேடியோ கீழே கேபினில். இரண்டையும் இணைக்கும் கேபிள் மரத்தின் உள்குழாய் வழியாக இறங்குகிறது. கேபிளின் கீழ்முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு மேலே ஏறி இழுத்தால், கேபிள் வெளியே வரும்... நூல் உள்ளே வரும். அந்த நூலில் புது கேபிளைக் கட்டி இறக்கவேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

இழுத்தான். கேபிள் வந்தது... வந்துகொண்டே இருந்தது... கடைசி முனையும் வெளியே வந்து காற்றில் ஆடியது.

நூல் வரவில்லை!

முனையைத் திருப்பிப் பார்த்தான். இற்றுப் போகவில்லை. எலி கடிக்கவில்லை.

கத்தியால் வெண்ணெயை நறுக்கியதுபோல் சுத்தமான வெட்டு!

*

கேபினுக்குள் மரத்தின் அடியில் ஒரு சின்ன உலோகத் தட்டு இருந்தது. ஒயர் ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தட்டை நகர்த்தி டார்ச் அடித்தான்.

உள்ளே ஒரு முழத் துண்டு கேபிள். அதன் வாலில் அவன் கட்டிய நூல். மேல்முனையில் அதே வெட்டு.

"அக்கா... இத யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க. ரேடியோல விளக்கு எரியும், கரகரன்னு சத்தமும் வரும். ஆனா நீங்க தொண்ட கிழியக் கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"போலீஸுக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதானே பாத்தீங்க?"

*

இன்ஸ்பெக்டர் தனியாக வரவில்லை. வழியிலேயே ஏட்டை விட்டு அவளுடைய கொழுந்தனை ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

அவள் கணவன் விழுந்த அன்றைக்குப் படகில் போனவர்கள் இரண்டு பேர். அண்ணன், தம்பி. யாரோ மீனவர்கள் படகை இழுத்து வந்தபோது அதில் இருந்தவன் தம்பி மட்டும். ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். வேலை போனது. அவன் தாடியோடு சேர்ந்து மௌனமும் வளர்ந்தது.

"என்னப்பா... ரேடியோல கூப்பிட்டேன், யாருமே பதில் சொல்லலன்னு சொன்னியே! எப்படிச் சொல்வாங்க? நீதான் முன்னாடியே அறுத்து வெச்சிட்டியே!"

கொழுந்தன் வெட்டுப்பட்ட கேபிளைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"ஓ! உனக்கு முன்னாடியே தெரியும்!"

"தெரியும் சார்."

"அடிச்சான் பாரு! ஏட்டய்யா, விலங்க எடுங்க."

"சார்... அண்ணிய கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க. சொல்றேன்."

அவள் படியேறி மேல்தளத்துக்குப் போனாள்.

கொழுந்தன் குரலை இறக்கினான்.

"திடீர்னு காத்து திரும்புச்சு சார். பாயைத் தாங்குற குறுக்குக் கட்டை சுத்திக்கிட்டு வந்து அண்ணன் தலைல அடிச்சது. தண்ணிக்குள்ள போயிட்டாரு. மிதவைய வீசினேன், எட்டல. எனக்குப் படகைத் திருப்பத் தெரியாது. ஓடிப்போய் ரேடியோவ எடுத்துக் கத்துனேன்... அண்ணன் தண்ணிக்குள்ளேருந்து கத்துனாரு."

"என்னன்னு?"

"ரேடியோவ விடுடா... நான்தான் அறுத்தேன்... அப்படின்னு."

படகு ஒருமுறை லேசாக ஆடியது.

"அவரே அறுத்துக்கிட்டு அவரே விழுந்தாரா? யார்கிட்ட கதை விடற?"

"அந்தப் பயணம் எனக்கில்ல சார். அண்ணிக்கு! கல்யாண நாளுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கெளம்பினாரு. அண்ணிக்குக் காய்ச்சல்னு சேதி வந்தது. வழியனுப்ப வந்த நான்தான், 'அண்ணி வரலன்னா என்னண்ணே, நான் வரேன்'னு ஏறிக் குதிச்சேன். அண்ணன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஏன்னு அப்பப் புரியல."

"இத்தன நாள் ஏன் வாய் தொறக்கல?"

"எப்படி சார் தொறக்கறது? 'உங்க புருஷன் உங்களக் கடல்ல தள்ளிட்டு, ரேடியோல கூப்பிட்டும் யாரும் வரலன்னு சொல்லப் பாத்தாரு'ன்னு அண்ணிகிட்ட நான் போய்ச் சொல்லவா? புருஷன் செத்த துக்கமாவது சுத்தமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் பலமாகக் கைதட்டினார்.

"பிரமாதம்! சாட்சி யாரு? கடல்ல இருக்கற மீனா?"

"நான்."

மேலிருந்து குரல் வந்தது. படியில் அவள் நின்றிருந்தாள்.

"அண்ணி!"

"நீ சொன்னது நெசந்தான் தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

கொழுந்தனின் வாய் திறந்தபடி நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விளக்கமா சொல்லும்மா."

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அவருக்கு வேற ஒருத்திகூட வாழணும். என்னை விவாகரத்து கேட்டாரு. நான் குடுக்கல. திடீர்னு ஒருநாள் பாசமா பேசினாரு, கடலுக்குப் போலாம்னாரு. மொத நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டு இங்க வந்தேன். அந்த ஜன்னல் வழியாப் பாத்தேன். மரத்துக்கு அடியில குத்த வெச்சு எதையோ வெட்டிட்டு, தட்டை மூடிட்டு இருந்தாரு. ஒரு ஸ்க்ரூ கைதவறி எங்கேயோ உருண்டு போச்சு. திட்டிக்கிட்டே தேடினாரு. கெடைக்கல. பெட்டியிலேருந்து வேற ஒண்ண எடுத்துப் போட்டாரு. அது மட்டும் மஞ்சளா இருந்தது."

எல்லோரும் ஒயரைப் பார்த்தார்கள்.

ஒயர் சட்டைப் பைக்குள் கையை விட்டான். உள்ளங்கையை விரித்தான்.

வெள்ளை ஸ்க்ரூக்களுக்கு நடுவே... ஒரு பித்தளை ஸ்க்ரூ!

இன்ஸ்பெக்டர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அந்த ஸ்க்ரூவ நீங்களே போட்டிருக்கலாமே? கேபிளையும் நீங்களே அறுத்திருக்கலாமே?"

"நான் அறுத்திருந்தா எதுக்கு சார் ஆள் வெச்சு மேலேருந்து இழுக்கச் சொல்றேன்? படகோட சேத்து வித்துட்டுப் போயிருப்பேனே."

இன்ஸ்பெக்டர் கேள்வியை மாற்றினார்.

"ரேடியோ செத்துப்போச்சுன்னு தெரிஞ்சே அவர அனுப்பினீங்க."

"எதை வெட்டினாருன்னு அப்பத் தெரியாது. ரேடியோல யாரும் பதில் சொல்லலன்னு இவன் வந்து சொன்னப்பதான் புரிஞ்சது. என்னைக் கொல்லப் போறாருன்னு மட்டும் அன்னைக்கே தெரிஞ்சது. அதான் காய்ச்சல்னு படுத்துட்டேன். நான் இல்லன்னா அவர் எதுக்குக் கெளம்பறாருன்னு நெனச்சேன். இவன் ஏறுவான்னு நெனைக்கல... விஷயம் தெரிஞ்சு ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திப் போன் அடிச்சேன். கரைய விட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. லைன் கெடைக்கல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"இவனுக்கு அண்ணன்னா சாமி. அந்தச் சாமிய நான் எப்படி உடைக்கறது?"

கொழுந்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழவில்லை. அவளும் அழவில்லை. அழுவதற்கான இடம் இருவருக்குமே மரத்துப்போய் வெகுநாளாகியிருந்தது.

"இவன் கொலைகாரன்னு ஊரே சொல்லுது. நானா வந்து உண்மையச் சொன்னா, 'கொழுந்தனக் காப்பாத்தறா பாரு'ன்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க. நீங்களும் நம்பமாட்டீங்க. சம்பந்தமில்லாத ஒரு ஆள் கண்ணுல அது படணும். அதான் கேபிள மாத்தச் சொன்னேன்."

பாய்மரத்தில் கயிறு மோதும் சத்தம் மட்டும் டக்... டக்... என்று கேட்டது.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பித்தளை ஸ்க்ரூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க. ஜீப்ல வேணாம்... மெதுவா நடந்தே வாங்க. ஏட்டய்யா, அந்த விலங்க உள்ள வையுங்க."

ஜீப் போய்விட்டது.

"அண்ணி..." என்றான் கொழுந்தன்.

"தாடிய எடு மொதல்ல" என்றாள் அவள்.

ஒயர் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, புது கேபிள்...?"

"போடுங்க. எடுத்த வேலைய முடிக்கணும்ல?"

மறுபடி ஏறினான். நூல் முனையில் ஈயக் குண்டைக் கட்டி மரத்துக்குள் இறக்கினான். கீழே கொழுந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். அவள் புது கேபிளின் முனையை நூலில் முடிந்தாள். ஒயர் மேலிருந்து இழுக்க, மரத்துக்குள் கறுப்புப் பாம்புபோல் ஏறியது கேபிள். இரண்டு முனையிலும் இணைப்பு கொடுத்துவிட்டு இறங்கிவந்தான்.

"பேசிப் பாருங்கக்கா."

அவள் மைக்கை வாங்கி அழுத்தினாள். "ஹலோ... கேக்குதா?"

ஒரு நொடி கரகரப்பு. பிறகு துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் ஆண்குரல் பளிச்சென்று வந்தது.

"நல்லா கேக்குது! சொல்லுங்க... படகுல ஏதாவது ஆபத்தா?"

அவள் கொழுந்தனை ஒருமுறை பார்த்தாள். மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள்.

"இப்ப இல்லீங்க... இருந்த ஒரே ஆபத்து கடல்ல விழுந்து மூணு மாசமாச்சு!"