சர்க்கரைக் கண்ணாடி

"சித்தி, சர்க்கரை கண்ணாடி ஆகுமா?"

அக்கா மகள் என்றோ கேட்ட கேள்வி. "உன் பிறந்தநாளைக்கு ஆக்கிக் காட்டுறேன்டி" என்று நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் பிறந்தநாள் இன்று. மாலை ஐந்து மணிக்குக் குழந்தை வந்துவிடும்.

மத்தியானம் சமையல் மேடையில் ஆறு கிண்ணம் கஸ்டர்டு. ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரை. கையில், சர்க்கரையை உருக்கச் சுடர் பீய்ச்சும் புது கேஸ் டார்ச். கேஸை நிரப்பிய கையோடு பற்றவைத்து, கிண்ணத்தின் மேல் அப்படியே கவிழ்த்தாள். நீலமாக இருந்த சுடர் மஞ்சளாகச் சீறி, ஜன்னல் திரையின் ஓரத்தைத் தொட்டது...

திறந்திருந்த வாசல் வழியே ஒருவன் பாய்ந்து வந்தான். டார்ச்சைப் பிடுங்கித் திருகை மூடினான். திரையைக் கையுறைக் கையாலேயே கசக்கி அணைத்தான். மாடியின் பொது வராந்தாவில் ஏசிக் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்.

"நிரப்பின உடனே கவிழ்த்தா இப்படித்தாங்க சீறும். கொஞ்ச நேரம் விட்டு வைக்கணும்."

பயம் அவளிடமிருந்து கோபமாக வெளியே வந்தது. "கேக்காம கொள்ளாம உள்ள வந்துடுவீங்களா?"

"தீ மட்டும் உங்களைக் கேட்டுட்டா வந்துச்சு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கண்களில் கோபமே இல்லை... அதுதான் அவளைச் சுட்டது.

வெளியே மழை பிடித்தது. எட்டிப் பார்த்தாள். வராந்தாவின் தண்ணீர்க் குழாயில் அவன் பெருவிரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் தோல் கையுறை. அதன் பெருவிரலில் ஓட்டை. கடவுள் அனுப்பிய உதவியை வாசலோடு விரட்டிவிட்டேனே...

"வெந்துடுச்சா?"

"எங்க பொழப்புல இதெல்லாம் மச்சம் மாதிரிங்க."

"நான் பேசினது தப்பு..." வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். "அஞ்சு மணிக்கு ஒரு குட்டி வந்து கேள்வி கேப்பா. கத்துக்குடுக்குறீங்களா?"

கற்றுக்கொடுத்தான். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக ஓட்ட வேண்டும். முதல் கிண்ணம் கருகியது. இரண்டாவது பொன்னிறமாக உருகி, ஆறி, இறுகியது. கரண்டியால் தட்டினாள். சட்டென்று ஒரு விரிசல்... இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மழையில் கழுவிய இலை போல இருந்தன அவன் கண்கள்.

மூன்றாவது மறுபடி கருகியது.

"உங்க வேலை கெட்டுப்போகுதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "திட்டக் கூடாது... வேலை பன்னிரண்டு மணிக்கே முடிஞ்சுடுச்சு. நேத்து நீங்க படி ஏறி வந்ததிலேர்ந்து கை ஓடலை. உங்க வாசலுக்கு நேரா இருக்குற குழாயையே மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன்."

அவள் காதுமடல் சிவந்தது. "நானும் ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது கிண்ணத்துலயே எனக்குப் பிடிபட்டுடுச்சு. மூணாவது... வேணும்னே கருக்கினது."

அவன் சிரித்துவிட்டான்.

"அப்போ நாளைக்கு வரலாமா?"

"எங்க அக்கா இருப்பா. அவ மகளை விட அதிகமா கேள்வி கேப்பா. பார்த்துக்கோங்க."

மழை விட்டதும், ஏணியை எடுக்க அவன் மொட்டை மாடிக்குப் போனான். அவன் பை வாசலில் கிடந்தது; அதன் அடியில் அந்தக் கையுறை. நூலகத்துப் பழைய புத்தகங்களைத் தைக்கும் ஊசியையும் மெழுகு நூலையும் அவள் எடுத்துவந்தாள். கழித்துப்போட்ட ஒரு புத்தகத்தின் தோல் அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கையுறையின் ஓட்டைக்கு உள்ளே வைத்து, நெருக்க நெருக்கமாகத் தைத்தாள். முன்பு இருந்தபடியே பையின் அடியில் வைத்தாள். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்குமுன் உள்ளே போய், நான்காவது கிண்ணத்தின் மேல் சர்க்கரையைத் தூவினாள்.