வலது இதயத்துக்கு வைத்த வலை

மூன்றாம் படுக்கையின் மானிட்டர் அலறியது.

மாலை நாலு பத்து. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.

படுக்கையில் கிடந்தவர் அந்த ஆஸ்பத்திரியையே கட்டிய டாக்டர் சிவசண்முகம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்து மூன்று நாள். அவருக்காக மூச்சு விட்டது வென்டிலேட்டர்.

"பி.பி. அறுபது..." நர்ஸ் பிரிஸில்லா குரல் கொடுத்தாள்.

டாக்டர் குமரகுருபரன் வந்தார். முதலில் அவருடைய பட்டங்கள் வந்தன... பின்னால் அவர். பெயர்ப்பலகையில் ஐந்து பட்டம். ஆறாவதற்கு இடம் விட்டிருந்தார்.

"சலைனைத் திறந்து விடும்மா."

"சார், வலது இதயம் வீங்கிக் கெடக்குன்னு காலையில ஸ்கேன்ல பாத்தோம்லா. இன்னும் தண்ணி ஊத்துனா தாங்காது."

"இடது பக்கம் முதல் தரமா அடிக்குது. வலது பக்கம் வெறும் எடுபிடி. எனக்கே பாடம் எடுக்குதியோ?"

சலைன் பாய்ந்தது.

ஐம்பத்தைந்து... ஐம்பது...

"இன்னொரு பாட்டில்" என்றபடி குமரகுருபரன் செல்போனோடு ஒதுங்கினார். "ஆமா அண்ணாச்சி, நம்ம கண்ட்ரோல்லதான் இருக்கு."

பிரிஸில்லாவின் பார்வை வென்டிலேட்டரில் விழுந்தது.



ஐந்தில் இருக்க வேண்டிய காற்றழுத்தம் பதினைந்தில் நின்றது. நுரையீரலை மெஷின் அப்படி இறுக்கினால், நலிந்த வலது இதயம் அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் பலூனாய் உப்பும். மேலே சலைனும் சேர்ந்தால்... முடிந்தது கதை.

ஐந்துக்கு இறக்கினாள். சலைனை மூடினாள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பி.பி. மருந்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

அறுபது... எழுபத்தைந்து... தொண்ணூற்றிரண்டு.

குமரகுருபரன் திரும்பி வந்தார். "பாத்தியா? சலைன் வேலை செய்யுது."

"சலைனை மூடிட்டேன் சார். வென்டிலேட்டரை யாரோ பதினஞ்சுக்குத் திருகியிருக்காங்க."

"யாரோவா? மெஷின்கிட்ட நிக்குதது நீ மட்டும்தான். கூப்பிடு போலீஸை."

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் கொம்பையா வந்துவிட்டார்.

வெளியே நாற்காலியில் சிவசண்முகத்தின் மனைவி ராஜராஜேஸ்வரி. ஓய்வு பெற்ற மயக்க மருந்து நிபுணர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான், டாக்டரம்மா.

பிரிஸில்லா ஓடினாள். "நீங்களாவது சொல்லுங்க டாக்டரம்மா. எனக்கு வென்டிலேட்டரே நீங்கதான சொல்லிக் குடுத்திய?"

ராஜராஜேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன்னை மக மாதிரி நெனச்சேன். இப்படிப் பண்ணிட்டியே."

பிரிஸில்லா பத்து வருஷம் கும்பிட்ட முகம் அது.

கொம்பையா படுக்கையடியில் தொங்கிய சார்ட்டை வெளியே எடுத்து வந்து புரட்டினார்.

"சிஸ்டர், இது உங்க கையெழுத்தா? நாலு அஞ்சுக்குப் 'பதினஞ்சு'ன்னு எழுதி, ஓரத்துல ஆர்.ஆர்.னு போட்டிருக்கு."

"இல்ல சார்... நாலு மணி பார்வையாளர் நேரம். டாக்டரம்மா உள்ள வந்தா நாங்க வெளிய போயிருவோம். ஒரு மரியாதைக்கு. அலாரம் அடிச்ச பெறவுதான் வந்தேன்."

எல்லாரும் ராஜராஜேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் எதைத் திருகினாலும் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்ட கை. கொலைக்கு வந்த இடத்திலும் கடமை தவறவில்லை.

ராஜராஜேஸ்வரி சார்ட்டையே பார்த்தார். "கை தன்னால எழுதிட்டு..."

"ஏன்மா?" என்றார் கொம்பையா.

"சனிக்கிழமை தோறும் பாபநாசத்துல இலவச முகாம்னு போவாரு. இருபத்திரண்டு வருஷம் நான்தான் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். அட்மிட் பண்ணும்போது அவர் போனை என் கையில குடுத்தாங்க. 'அப்பா, இந்த வாரம் ஏன் வரல'ன்னு மெசேஜுல ஒரு பொண்ணு கேக்குதா. எங்களுக்குப் பிள்ளை கெடையாது இன்ஸ்பெக்டர்."

பிரிஸில்லா அவர் எதிரில் வந்து நின்றாள். "நான் என்ன பாவம் பண்ணேன் டாக்டரம்மா?"

"நீதான் திரும்ப அஞ்சுக்குக் கொண்டு வந்துட்டியே. அவ்வளவு நல்லா உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது."

கொம்பையா இடைமறித்தார். "திருகுனது மட்டும் போதுமா, ஆள் சாக?"

"சந்தேகம்தான். சலைனும் வேணும்."

"அதை ஊத்தச் சொன்னது நீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? பி.பி. எறங்குனா குமரகுருபரன் சலைனைத்தான் திறப்பான். அவனுக்கு வேற எதுவும் தெரியாது. மதுரைக்குக் கொண்டு போவோம்னு எல்லாரும் சொன்னாங்க. இவன்தான் பாக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்."

'டாக்டரம்மாவே என்னைத்தான் கேட்டாங்க' என்று மூன்று நாளாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த குமரகுருபரன், மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

கொம்பையா நோட்டைத் திறந்தார். 'கைப்பற்றிய ஆயுதம்' என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து குமரகுருபரனை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தார்.

"டாக்டர், கொஞ்சம் இங்கன வாரும். உம்மைக் கட்டி சீல் வச்சு கோர்ட்டுல ஒப்படைக்க எந்த சைஸ் சாக்கு வேணும்னு பாக்குதேன்."