இரண்டு கிளாம்பும் ஒரு தலையும்

அப்பாவின் தச்சுப் பட்டறையில் இன்பராணிக்கு ரொம்பப் பிடித்த சாமான் கிளாம்புதான்.

அவள் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. அதன் ஒரு முனையில் கைப்பிடி வைத்த திருகு. பட்டையின் மேல் முன்னும் பின்னும் தள்ளக்கூடிய ஒரு தாடை. இரண்டு பலகைகளைப் பசை தடவிச் சேர்த்து, நடுவில் வைத்துத் திருகினால் போதும். முதலை வாய் மாதிரி கவ்விக்கொள்ளும். பசை காயும்வரை விடாது.

அப்பா மரியராஜுக்கு அது பலகை ஒட்டுகிற சாமான். இன்பராணிக்கோ எதற்கும் உதவுகிற சாமான். அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகத்தை ஒட்டி அதில் இறுக்கி வைப்பாள். கோணிப்போன தகர மூடியை அதில் வைத்து நிமிர்த்துவாள். ஒருநாள் புளியங்கொட்டையை உடைத்துப் பார்த்தாள். கொட்டை உடையவில்லை. தெறித்துப் போய் அப்பாவின் நெற்றியில் பட்டது.

"ஏன் தாயி, இது என்ன விளையாட்டுச் சாமானா?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார் அப்பா.

"இல்லப்பா. சும்மாதானே தொங்குது. அதான் வேலை கொடுத்தேன்" என்றாள் அவள்.

அது 1968ஆம் வருடம். இன்பராணிக்குப் பதினொரு வயது. அப்பா திருச்சுழியில் ஒரு கோயிலுக்குப் பெரிய கதவு செய்யப் போயிருந்தார். சனிக்கிழமை காலை, அங்கிருந்து வந்த பஸ்ஸில் தகவல் சொல்லி அனுப்பினார். கொண்டுபோன கிளாம்புகள் போதவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டும் உடனே வேண்டும். மத்தியானம் வச்சிரப் பசை காய்ச்சிவிடுவார். அது ஆறினால் ஒட்டாது.

அம்மா இரண்டு கிளாம்புகளையும் சாக்கில் சுற்றினாள். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் இன்பராணியைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "நேரா அப்பா கையில கொடு. வழியில யாரையும் தொட விடாதே" என்றாள்.

இன்பராணி சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன் இருக்கையில் லிங்கம்மாள் என்ற அம்மாவும் அவருடைய ஐந்து வயது மகள் சௌடம்மாளும் இருந்தார்கள். நெசவாளர் வீட்டுக்காரர்கள். தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்தில் வீரசோழன் பஸ் வந்து நின்றது. அதன் கூரையில், மூட்டைகளுக்கு நடுவில், ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. ஊரையே விலைக்கு வாங்க வந்தது மாதிரி நாலு பக்கமும் பார்த்தது.

சௌடம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆட்டை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சன்னல் கம்பிகளுக்கு நடுவில் தலையை நுழைத்தாள். தலை வெளியே போய்விட்டது. திரும்பி உள்ளே வரவில்லை.

"அம்மா" என்று அலறினாள்.

பஸ் முழுவதும் எழுந்து நின்றது.

"போன தலை வராமலா இருக்கும்?" என்று கண்டக்டர் செல்லப்பாண்டி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். காதுகள் மடங்கின. சௌடம்மாள் இன்னும் சத்தமாக அழுதாள்.

ஒருவர் தூக்குவாளியிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றினார். இன்னொருவர் சோப்பைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தார். தலை பளபளத்ததே தவிர வரவில்லை. காதுகள் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டன.

டிரைவர் காசிராஜன் இறங்கி ஓடிப் போய் இரும்பு அறுக்கிற ரம்பம் ஒன்று வாங்கி வந்தார்.

"கம்பிய அறுத்துருவோம். வேற வழி இல்ல."

ரம்பத்தை ஒரு தடவை இழுத்தார். காதருகே 'கிரீச்' என்ற சத்தம் கேட்டதும் சௌடம்மாள் பயத்தில் துள்ளினாள். ரம்பம் நழுவியது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை.

லிங்கம்மாள் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்யா. பிள்ள கழுத்து பக்கத்துலயே இருக்கு. கொஞ்சம் அசைஞ்சாலும் போச்சு."

எல்லோரும் பஸ்ஸுக்குள்ளேயே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்தக் குழந்தையின் முகம் பஸ்ஸுக்கு வெளியே இருக்கிறது என்பது இன்பராணிக்குச் சட்டென்று தோன்றியது. அந்தப் பக்கம் ஒருவருமே போகவில்லை.

அவள் கீழே இறங்கி ஓடினாள். சன்னலுக்கு வெளியே, ஒரு தகரப் பெட்டியின் மேல் ஏறி, சௌடம்மாளுக்கு நேராக நின்றாள். இன்பராணியின் தெருவில் பாதி வீடுகளில் கன்னடம்தான். பாண்டி விளையாடும்போது அவளும் கற்றுக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதே, நான் உன் கூடவே நிக்கிறேன்" என்று கன்னடத்தில் சொன்னாள்.

சௌடம்மாள் தேம்பிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "என் தலைய அறுக்கப் போறாங்களா?"

இன்பராணி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "ஐயோ, இல்லடி. கம்பியத்தான் சொன்னாங்க. உன் தலைய யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அப்போது உள்ளே இருந்து செல்லப்பாண்டி தலைக்கு மேலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கினார். கம்பி ஒரு நூலளவு நகர்ந்தது. கை வலித்து அவர் அதை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இன்பராணி அதைப் பார்த்தாள். சன்னலில் மொத்தம் நாலு கம்பிகள். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இடையில்தான் தலை. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி சும்மா இருக்கின்றன. கண்டக்டருக்குக் கை வலிக்கிறது. கிளாம்புக்கு?

அவள் எட்டி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணே, என் சாக்கைக் கொடுங்க. சீக்கிரம்."

சாக்கிலிருந்து வெளிவந்த சாமான்களைப் பார்த்துவிட்டு, "இது ஒட்டுறதுக்கு இறுக்குற சாமான்தானே பாப்பா? இதை வச்சா இன்னும்ல இறுகிப் போகும்?" என்றார் செல்லப்பாண்டி.

"தலை இருக்கிற இடத்துல போட வேண்டாம்ணே. மேல இருக்கிற ரெண்டு கம்பியையும் சேர்த்து ஒரு கிளாம்பு. கீழ இருக்கிற ரெண்டையும் சேர்த்து இன்னொண்ணு. அதுக ரெண்டும் இறுகுனா நடுவுல என்ன ஆகும்?"

செல்லப்பாண்டி கம்பிகளைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார்.

"விரியும்" என்றார் காசிராஜன், ரம்பத்தைக் கீழே போட்டுக்கொண்டே. "அட, விரியும்லே. பிடி, பிடி."

இன்பராணி முதல் கிளாம்பை மேலே மாட்டினாள். அவள் கை ஒரு கணம் தயங்கியது. பலகைக்குச் செய்தது இது. இரும்பை வளைக்கப் போய்த் திருகு முறிந்துவிட்டால்? அங்கே அப்பா பசை காய்ச்சிக்கொண்டிருப்பாரே.

சௌடம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்பராணி திருகினாள்.

டங். உருண்டைக் கம்பியில் தாடை வழுக்கி, கிளாம்பு கழன்று தொங்கியது.

"இது ஆகாது. எடுத்துரு பாப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆகும். வழுக்காம இருக்கணும், அவ்வளவுதான். அண்ணே, உங்க துண்டக் கொடுங்க."

செல்லப்பாண்டியின் துண்டைக் கிழித்து, கம்பிகளின் மேல் இறுக்கிச் சுற்றினாள். அதன் மேல் தாடைகளை வைத்தாள். இந்தத் தடவை நன்றாகக் கவ்வியது. கீழே இன்னொன்றையும் மாட்டினாள். காசிராஜன் இறங்கி வந்து மேலே திருகினார். இன்பராணி கீழே திருகினாள்.

கம்பி முனகியது.

"நகருது" என்றார் லிங்கம்மாள் மெதுவாக.

இன்னொரு சுற்று. நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. மறுபடியும் ஒரு சுற்று. சிவந்த காதுகளை விட்டுக் கம்பிகள் விலகின.

"சௌடு, குனிஞ்சு உன் சட்டைப் பொத்தானைப் பாரு" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே, எண்ணெய் வழிந்த அந்த நெற்றியில் இன்பராணி உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினாள்.

வழுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில், தலை உள்ளே போய்விட்டது.

பஸ்ஸே ஆடும்படி எல்லோரும் கைதட்டினார்கள். லிங்கம்மாள் மகளை நெஞ்சோடு அணைத்து, சோப்பு நுரையோடு முத்தமிட்டார். பிறகு இறங்கி வந்து இன்பராணிக்கும் ஒரு முத்தம் கொடுத்தார். அதிலும் நுரை இருந்தது.

கிளாம்புகளைக் கழற்றிய பிறகும் நடுக் கம்பிகள் முழுதாகத் திரும்பவில்லை. கொஞ்சம் வளைந்தே நின்றன.

"முதலாளி கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றார் செல்லப்பாண்டி.

"இனிமே இந்தப் பஸ்ஸுல எந்தத் தலை போனாலும் தானா வந்துரும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார் காசிராஜன்.

அன்று அந்தப் பஸ் திருச்சுழி சாலையில் பறந்தது. 'பசை ஆறிப்போகும்' என்று இன்பராணி சொன்னதைக் கேட்டு, வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட ஓடி ஓடி இறங்கினார்கள்.

திருச்சுழியில் மரியராஜ் ரோட்டிலேயே நின்றிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவர் கேட்டதும் பஸ்ஸிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். தலை, ரம்பம், ஆடு, துண்டு என்று என்னென்னவோ காதில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு காசிராஜன் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார்.

அப்பா இரண்டு கிளாம்புகளையும் கையில் வாங்கினார். திருகைச் சுற்றிப் பார்த்தார். சிக்காமல் ஓடியது. மகளை ஏறிட்டுப் பார்த்தார்.

"உருண்டைக் கம்பியாச்சே. வழுக்கலையா?"

"முதல்ல வழுக்குச்சுப்பா. அப்புறம் துணி சுத்துனேன்."

பட்டறைக்கு வரும் மற்றத் தச்சர்களிடம் பேசும்போது தலையை ஆட்டுவது மாதிரியே அப்பா தலையை ஆட்டினார். "ம். நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

ஒரு கிளாம்பைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அவள் தோளில் வைத்தார். இருவரும் கதவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.