கறுப்புக் காரில் வட்டக் கோடுகள்

"கையை எடுங்க அங்கேர்ந்து..."

மழைக்கு ஒதுங்கி, காரை அந்தக் கார் பாலிஷ் பட்டறையின் கூரைக்குள் நுழைத்தவன் திடுக்கிட்டான். பானெட்டில் நின்ற நீரைக் கைக்குட்டையால் துடைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

எதிரே ஒருத்தி. முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, மூக்கு நுனியில் ஒரு பொட்டு பாலிஷ்... அதற்கு மேலே, அப்போதுதான் கழுவித் துடைத்தாற்போல் இரண்டு கண்கள். அவன் எதற்கு வந்தான் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

"வட்டம் வட்டமா தேய்க்கிறீங்களே, இது காரா, அடுப்படி மேடையா?"

"எங்க அக்கா வண்டிங்க. பளபளன்னுதானே இருக்கு?"

"நனைஞ்சிருக்குல்ல... ஈரத்துல எல்லாக் காரும் அழகுதான்."

ஒரு சாண் இடத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கறுப்பு பெயிண்டில் மயிரிழைக் கோடுகள் வட்டவட்டமாய் விரிந்தன.

"தெரியுதா?"

அவனுக்குத் தெரிந்தது அந்தக் கண்கள்தான். "நல்லாத் தெரியுது" என்றான்.

சனிக்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டான். அவள் ஓரங்களில் டேப் ஒட்டி, பாலிஷ் மெஷினை அவசரமே இல்லாமல் நகர்த்தினாள்... நகர்த்த நகர்த்தக் கோடுகள் கரைந்தன. பானெட்டில் அவள் முகம் தெளிவாய் விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இனிமே காய்ஞ்ச துணி படவே கூடாது."

"படாது. சத்தியமா..."

அடுத்த சனிக்கிழமை புதுக் கோடுகளோடு வந்து நின்றான். அதற்கு அடுத்த சனிக்கிழமையும்.

"துணி படலையா?"

"படலைங்க..."

அவள் குழம்பினாள். மெஷினின் பஞ்சை மாற்றினாள், பாலிஷ் மருந்தை மாற்றினாள். மூன்று வருடப் பழக்கமுள்ள கை... எங்கே தப்பு? ஆனாலும் அவன் வந்து நின்றால், அந்தக் கவலைக்கு நடுவிலும் ஏனோ மனசு லேசாகிவிடும். அது இன்னும் குழப்பம்.

நான்காவது சனிக்கிழமை அவனுடைய அக்காவே கூட வந்துவிட்டாள்.

"மூணு தடவை பாலிஷ் போட்டும் ஒரு வாரம் தாங்கல. தொழில் தெரியாதவங்க கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான்" என்றாள், பாலிஷ் போட்டவளின் சித்தப்பாவான பட்டறைக்காரரிடம்.

அவர் தலையைச் சொறிந்தார். "நீ போன் எடுக்கிற மேஜைக்குப் போம்மா. பாலிஷுக்கு வேற ஆள் பாக்கறேன்."

அவள், "இதுக்கு மேல தேய்க்காதீங்க சித்தப்பா, பெயிண்ட் மிஞ்சாது" என்று மட்டும் சொல்லி, மெஷின் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் அவன் குறுக்கே வந்து நின்றான்.

"கோடு போட்டது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெள்ளிக்கிழமை ஆனா காய்ஞ்ச துணியால நானே தேய்ச்சேன்... மறுநாள் இங்க வர வேற காரணம் கிடைக்கல. அவங்க வேலையில ஒரு குறையும் இல்ல."

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அட அறிவுகெட்டவனே... அதுக்கு என் கார்தான் கிடைச்சுதா உனக்கு?"

சித்தப்பா இருமிக்கொண்டே, "மெஷினை எடும்மா... அது உன்னோடதுதான்" என்றார். பிறகு அக்காவை, காரின் பின்பக்கம் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு நகர்ந்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

அவள் கண்கள் நிறைந்திருந்தன. "என் கையே போச்சுன்னு நினைச்சேன்... எத்தனை ராத்திரி தூங்கல தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... அதைச் சொல்லத் தைரியம் இல்லாம காரைக் கீறிட்டேன்."

அவள் மெஷின் வயரைப் பிரித்து மறுபடி மாட்டினாள்.

"மூணு வாரமா சனிக்கிழமைல நான் வேற வண்டியே எடுக்கல" என்றாள், அவனைப் பார்க்காமல். "நீங்க சும்மாவே வந்திருக்கலாம்..."